எனக்கு முன்னாலை நடந்து போனவர்

பேய், முனி, காத்துக்கறுப்பு எண்டு ஆராவது தொடங்கினால் நான் கதிரையை விட்டு எழும்பிப் போற ஆள், தம்பி. என்னைத் தெரிஞ்ச ஆரையும் கேட்டுப் பாரும். மலாயாவிலை ரெயில்வேயிலை இருந்த காலத்திலை, தண்டவாளத்திலை தலையில்லாத ஆள் நடக்குது எண்டு கூலிக்காரர் அலறிக்கொண்டு ஓடிவருவினம், நான் லாம்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாத்திட்டு, முறிஞ்சு தொங்கின வாழையிலையை வெட்டிக்கொண்டு வந்து அவைக்கு முன்னாலை போட்டிருக்கிறன். அப்பிடிப்பட்டவன்தான் இதைச் சொல்லுறன். நீர் சயன்ஸ் படிப்பிக்கிற வாத்தியார், உம்மடை வாய் இப்பவே ஒரு பக்கமாய் இழுபடுது, எனக்குத் தெரியுது. சிரியும், பரவாயில்லை. முடியுமட்டும் இடையிலை ஒண்டும் கேக்காமல் இருந்தால் காணும். நான் கொஞ்சம் மெல்லமாய்த்தான் கதைப்பன், என்ரை மனுசி குசினிக்குள்ளை நிக்கிறா.

இது சண்டைக்கு முந்தி நடந்தது. ஜப்பான்காரன் மலாயாவுக்குள்ளை வர இன்னும் ரண்டு மூண்டு வருசம் இருந்தது. நான் பிறந்து வளந்தது எல்லாம் அங்கைதான். அப்பா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலை இருந்து இளந்தாரியாய்க் கப்பலேறிப் போனவர், சாகுமட்டும் எங்கடை ஊர், எங்கடை ஊர் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர். அதைக் கேட்டு வளந்த எனக்கும் அது என்ரை ஊர் எண்டுதான் நினைப்பு. வந்து இறங்கினாப்போலைதான் தெரிஞ்சுது, எனக்கு அது வெளிநாடு. ஒழுங்கை தெரியாது, ஆள் தெரியாது, சந்தையை மலாய்க்காரர் மாதிரிப் பாசார் எண்டு சொல்லி எல்லாரையும் சிரிக்கப் பண்ணுவன்.

ஏன் வந்தனான் எண்டு சொல்லவேணும். எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது. பவளம் எண்டு கூப்பிடுறது. ஐஞ்சு வயசு நடக்கேக்கை காய்ச்சல் வந்து, ஒரு கிழமைக்குள்ளை எல்லாம் முடிஞ்சுது. அதைப்பற்றி நான் கனக்கச் சொல்லமாட்டன். அதுக்குப் பிறகு மனுசி கதைக்கிறதை விட்டிட்டா. அழுகையும் இல்லை, கோவமும் இல்லை, கேட்டால் ஓம், இல்லை எண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதான். சாப்பிடச் சொன்னால் சோத்துக் கோப்பைக்கு முன்னாலை இருப்பா, சாப்பிடமாட்டா. எனக்கு வேலையிலையும் மனம் போகேல்லை. சிக்னலை மாறிப் போட்டு ஆரையும் கொண்டுபோடுவனோ எண்டு பயந்து துரையே கூப்பிட்டு நீண்ட லீவு தந்தார். ரண்டு பேருமாய் ஊருக்குப் போட்டு வருவம் எண்டு கேட்டன், அவ மாட்டன் எண்டிட்டா. அவவைத் தமக்கை வீட்டிலை விட்டிட்டு நான் தனியத்தான் வெளிக்கிட்டன்.

பினாங்கிலை கப்பலடிக்கு வந்தவ. கயிறு அவிழ்க்கிற நேரம், மாதக்கணக்காய் வாய் திறக்காத மனுசி, என்ரை கையைப் பிடிச்சு, "இஞ்சேருங்கோ, அங்கை ஆரும் கையாலை செய்த சாமான் ஏதேன் கண்டால் வாங்கிக்கொண்டு வாங்கோ. மிசினிலை செய்தது வேண்டாம்" எண்டா. அவ்வளவுதான். ஏனெண்டு நான் கேக்கேல்லை. எங்கடை வீட்டிலை பிள்ளையின்ரை விளையாட்டுச் சாமான் எல்லாம் ஜப்பான் தகரம், எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு, அதாலையோ என்னவோ. அவ வாய் விட்டுக் கேட்ட ஒரு சாமான் அது, அது இல்லாமல் நான் திரும்பிப் போகேலாது எண்டு மட்டும் எனக்குத் தெரியும்.

சுன்னாகத்திலை அப்பாவின்ரை தம்பி, குஞ்சையா வீட்டிலை தங்கினனான். நல்ல சனம். நல்ல சனமெண்டபடியாலைதான் கரைச்சல். விடிஞ்சால் ஒரு ஆள் வந்து விறாந்தையிலை இருந்து, "உங்களுக்கென்ன, இன்னும் வயசு கிடக்கு, இன்னொண்டு பிறக்கும்" எண்டு சொல்லும். வெத்திலை போடும், போகும், அடுத்த ஆள் வரும். இதுக்குத் தப்பத்தான் நான் நடக்கத் தொடங்கினது. கையாலை செய்த சாமான் தேடப் போறன் எண்டு சொன்னால் ஒருத்தரும் மறிக்கமாட்டினம். குஞ்சையா வண்டில் பூட்டித் தாறன் எண்டார், நான் வேண்டாம் எண்டிட்டன். வண்டிலிலை ஏறினால் வண்டில்காரனோடை கதைக்கவேணும்.

சந்தையிலை தேடினன். வெங்காயமும் புகையிலையும் மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கும், அதுக்குப் பக்கத்திலை கடையெல்லாம் அதே ஜப்பான் தகரம், கண்ணாடி வளையல், பூப்போட்ட பீங்கான். நான் எதுக்குத் தப்பி வந்தனானோ அது எனக்கு முன்னாலை கப்பலேறி வந்து கிடக்குது. ஓலைக் கடகம் இருந்தது, வெங்காயம் அள்ளுறது, ஒரு ஆள் உள்ளை இருக்கலாம், அதைக் கப்பலிலை எப்பிடிக் கொண்டுபோறது? நல்லது வேணுமெண்டால் செய்யிற ஆக்களின்ரை வளவுக்கே போகவேணும் எண்டு ஒரு கிழவன் சொன்னார். அதுதான் நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கமாய் நடந்தது.

இப்ப நான் சொல்லப்போறதைக் கவனமாய்க் கேளும். அதுக்கு முதல் நாள் நான் எங்கையும் நடக்கேல்லை. குஞ்சையாவுக்குக் கண்ணிலை வெண்படலம், அவரைக் கூட்டிக்கொண்டு காலமையே ரெயிலிலை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனனான், கண்ணுக்கு மருந்து விட்டு அவருக்கு ஒண்டும் தெரியேல்லை, நாள் முழுக்க என்ரை கையைப் பிடிச்ச பிடி அவர் விடேல்லை. விளக்கு வைச்சாப் பிறகுதான் வீடு வந்தம். அடுத்த நாள் காலமை கிணத்தடியிலை குளிச்சு, புட்டும் சம்பலும் சாப்பிட்டு, வெயில் ஏறினாப் பிறகுதான் வெளிக்கிட்டன். வெள்ளை வேட்டி, சேட்டு, கான்வாஸ் சப்பாத்து, தலையிலை வெள்ளைக்காரன் போடுற மாதிரி ஒரு தொப்பி. அந்தத் தொப்பியாலை ஊர்ப் பிள்ளையள் எனக்குப் பின்னாலை சிரிச்சுக்கொண்டு வருங்கள். அந்த றோட்டிலை அப்பிடி ஒரு கோலம் வேறை ஆரும் இல்லை, அதுக்காகத்தான் சொல்லுறன்.

காங்கேசன்துறை றோட்டாலை வடக்கை நடந்து, மல்லாகம் தாண்டி ஒரு ஒழுங்கைக்குள்ளை இறங்கினன். கிடுகு வேலி, அங்காலை ஒரு வளவு, பலாமரத்துக்குக் கீழை ஒரு மனுசி ஓலை வார்ந்துகொண்டு இருந்தா. ஒரு நாற்பது வயசு இருக்கும். நான் படலையைத் திறக்க முதலே நிமிர்ந்து பாத்து, "வாங்கோ, வாங்கோ, முடிச்சு வைச்சிருக்கிறன்" எண்டா.

உள்ளை போய் ஒரு மூடல்பெட்டியைக் கொண்டுவந்து என்ரை கையிலை வைச்சா. உள்ளங்கைக்குள்ளை அடங்கிற பெட்டி, மேலை மூடி, சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட ஓலையாலை நெருக்கமாய்ப் பின்னி, அவ்வளவு வடிவு. நான் தேடித் திரிஞ்சது அதுதான். ஆனால் நான் அந்த வளவுக்குள்ளை கால் வைச்சது அண்டைக்குத்தானே.

"அக்கா, ஆள் மாறி நினைச்சிட்டியள் போலை" எண்டன்.

"நல்ல கதை" எண்டு சிரிச்சா. "நேற்றுப் பின்னேரம் வந்து, சின்னதாய்ப் பின்னித் தாங்கோ, நாளைக்கு எடுக்கிறன், கப்பலிலை போற சாமான் எண்டு நீங்கள்தானே சொன்னியள்? காசும் தந்திட்டியள். எங்கை பிள்ளை? இண்டைக்குக் கூட்டிவரேல்லையோ?"

எனக்கு முதலிலை வந்தது கோவம். விறாந்தையிலை வந்து இருந்து வெத்திலை போட்ட ஆரோ என்ரை கதையை இஞ்சை வந்து சொல்லியிருக்கு, அதை வைச்சு இந்த மனுசி விளையாடுது எண்டு நினைச்சன்.

"எந்தப் பிள்ளை? ஆர் உங்களுக்கு உதைச் சொன்னது?" எண்டு கத்திப்போட்டன்.

அவ பயந்து எழும்பிட்டா. கையிலை இருந்த ஓலை விழுந்திட்டுது. "ஆர் சொல்லுறது, நான் கண்டனான் தானே ஐயா. உங்கடை தோளிலை இருந்துது. பெட்டை. பெட்டிக்கு எந்த நிறம் வேணும் எண்டு கேட்டன், அதுதான் சிவப்பும் பச்சையும் எண்டுது. நான் ஏதும் பிழையாய்க் கேட்டிட்டனோ?"

அவவின்ரை முகத்திலை பொய் இல்லை, தம்பி. நான் கனகாலம் டிக்கெட் இல்லாமல் வாற சனத்தோடை மல்லுக்கட்டினவன், பொய்யை எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் போனது எண்டு கேட்டன். "நீங்கள் போன பக்கத்தை என்னட்டைக் கேக்கிறியளே" எண்டு சொல்லிக்கொண்டு வடக்கை கையைக் காட்டினா.

றோட்டுக்கு வந்து ஒரு மதகிலை இருந்தன். பெட்டி மடியிலை. யோசிச்சுப் பாத்தன். மலாயாவிலை இருந்து லீவிலை வந்த வேறை ஆரோ ஒரு ஆள், என்னைப் போலை தொப்பி போட்டவர், பிள்ளையோடை சாமான் வாங்கித் திரியிறார், இந்த மனுசி அவரையும் என்னையும் மாறிப்போட்டா. வேறை என்ன இருக்கேலும்? நீரும் இப்ப அதைத்தான் நினைக்கிறீர். நானும் அதையேதான் நினைச்சன். அந்த ஆளைப் பிடிச்சு, பெட்டியைக் குடுத்து, ரண்டு பேருமாய்ச் சிரிச்சிட்டு வருவம் எண்டுதான் எழும்பினன். ஆனால் பாரும், சிரிக்கப் போற ஆள் ஏன் அவ்வளவு கெதியாய் நடக்கவேணும்?

தெல்லிப்பழை தாண்டிக் கிழக்காலை திரும்பினால் தோட்டம் விட்டு வெறும் பனங்காணி வரும். அதுக்குள்ளை ஒரு சூளைப் புகை தெரிஞ்சுது. மண்பானை வனையிற ஒரு புருசனும் பெண்சாதியும், வேறை வீடு பக்கத்திலை இல்லை. என்னைப்போலை ஒரு ஆள் இதாலை வந்தவரோ எண்டு கேக்கத்தான் போனன். கேக்க விடேல்லை. அந்த மனுசன் சக்கரத்தை விட்டுத் தலையை நிமித்தி, "என்ன ஐயா, அதுக்குள்ளை வந்திட்டியள்? இப்பதான் கட்டி முடிச்சது" எண்டார்.

"நான் எப்ப வந்தனான்?" எண்டு கேட்டன். என்ரை குரல் எனக்கே வேறை ஆரின்ரையோ மாதிரிக் கேட்டுது.

"காலமை. வெயில் ஏற முதல்." அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். நான் கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிண்ட நேரம்.

பெண்சாதி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தா. வைக்கோல் சுத்திக் கயித்தாலை கட்டின பொட்டலம். கப்பலிலை உடையாமல் கட்டச் சொன்னதாம். உள்ளை என்ன எண்டு கேட்டன். ஓரத்தை விலக்கிக் காட்டினா: பிள்ளையள் சோறு கறி காய்ச்சி விளையாடுற சின்னச் சட்டி, பானை, அடுப்பு, தண்ணி வைக்க ஒரு குட்டி முட்டி. எல்லாம் விரலுக்குள்ளை அடங்கும்.

"பிள்ளைதான் ஒவ்வொண்டாய்த் தெரிஞ்செடுத்தது" எண்டா அந்த மனுசி. "நல்ல பிள்ளை, ஒரு குழப்படி இல்லை. தோளிலை இருந்துகொண்டு உங்கடை காதைப் பிடிச்சு உருட்டின உருட்டு. நோகாதோ ஐயா, உப்பிடிக் காதைப் பிடிச்சு உருட்டினால்? ஒரு கையாலை காது, மற்றக் கையிலை ரண்டு விரல் வாய்க்குள்ளை. நான் இவருக்குச் சொல்லிச் சிரிச்சன்."

எந்தக் காது எண்டு கேட்டன். இடது காது எண்டா.

தம்பி, அதை ஒருத்தருக்கும் தெரியாது. குஞ்சையாவுக்குத் தெரியாது, ஊரிலை ஒருத்தரும் பவளத்தைக் கண்டதே இல்லை. அந்தப் பிள்ளை நித்திரை வந்தால், பயந்தால், அலுத்தால், என்ரை இடது காதைத்தான் பிடிக்கும். ரண்டு விரலை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு காதின்ரை நுனியை உருட்டிக்கொண்டே இருக்கும். கடைசி இரவும் அப்பிடித்தான். அது விட்டதுக்குப் பிறகு அந்தக் காதை நானே தொடுறதில்லை. தலை துடைக்கேக்கைகூடத் துவாயை மெல்ல ஒத்தித்தான் எடுப்பன்.

நான் அந்த மண்ணிலை இருந்திட்டன். அவை தண்ணி தந்தினம். என்ன ஐயா, பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ எண்டு கேட்டினம். நான் என்னத்தைச் சொல்லுறது? ஓம், சுகமில்லை எண்டன்.

அந்த இடத்திலை இருந்து எழும்பேக்கை நான் வேறை ஆள். விளக்கம் ஒண்டும் எனக்குத் தேவையில்லை. மலாயாக்காரன், தொப்பி, ஆள்மாறாட்டம் எல்லாம் போட்டுது. முதல் இடத்திலை நேற்று, இந்த இடத்திலை காலமை. அப்ப நான் கிட்டக் கிட்டப் போறன். அவ்வளவுதான் என்ரை மண்டைக்குள்ளை ஓடினது. பேயைத் தேடி நான் ஓடேல்லை. என்ரை பிள்ளை இந்த றோட்டாலை போகுது, நான் பிந்திப்போனன், பிடிக்கவேணும்.

மயிலிட்டிக்கு எந்தப் பக்கம் எண்டு கேட்டுக்கொண்டு நடந்தன். ஏன் மயிலிட்டி எண்டால், கடல் பார்க்கப் போறம் எண்டு பிள்ளை சொன்னதாய் அந்தப் பானைக்கார மனுசி சொன்னா, கிட்டின கடற்கரை அதுதான். உச்சி வெயில். செம்மண் போய் வெண்மணல் வருது, புகையிலைத் தோட்டம் முடிஞ்சு இளம்பனை வடலி, வடலி முடிஞ்சு வெறும் கல்லு. பனையோலை காத்துக்கு உரசிற சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. எதிர்ப்பட்ட சனத்தைக் கேட்டன். கிணத்திலை துலா மிதிச்சவையைக் கேட்டன், வண்டில்காரன் ஒருத்தனை மறிச்சுக் கேட்டன். தொப்பி போட்ட ஆளோ, பிள்ளையோ, ஒருத்தரும் காணேல்லை. "உங்களைத்தான் காணுறம்" எண்டு சொல்லிச் சிரிச்சினம். கையாலை சாமான் செய்யிற ஆக்களின்ரை கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சவை மற்றச் சனத்துக்கு ஏன் தெரியேல்லை எண்டு எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்லை. அந்த றோட்டிலை நான் நடந்த மாதிரித் தனிமை ஒரு மனுசனுக்கும் வரக்கூடாது. முன்னாலை என்ரை எல்லாமும் போகுது, என்னோடை ஒரு குருவி இல்லை.

கடல் தெரிஞ்சாப்போலை நல்லாய்ப் பின்னேரம் ஆச்சு. வள்ளங்கள் கரையிலை ஏத்திக் கிடக்குது, கருவாட்டு மணம். ஒரு வள்ளத்தின்ரை நிழலிலை ஒரு மனுசி இருந்து சோகி, அதுதான் சோழி, கோத்துக்கொண்டு இருந்தா. பிள்ளையளின்ரை கையிலை கட்டிற சரம், வெள்ளைச் சோகியும் மஞ்சள் சோகியும் மாறி மாறி. அரைவாசிதான் கோத்திருந்தா. ஊசி கையிலை இருக்கத்தக்கதாய் என்னைப் பாத்தா.

"இப்பதானே போனியள்" எண்டா. "ஏன் திரும்பி வாறியள்? எங்கை பிள்ளை?"

எந்தப் பக்கம் எண்டு கையாலைதான் கேட்டன். அவ மேற்காலை காட்டினா. பெட்டியையும் பொட்டலத்தையும் அவவுக்குப் பக்கத்திலை போட்டிட்டு, சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சிட்டு, ஓடினன்.

கண்டன், தம்பி. நம்பினால் நம்பும், விட்டால் விடும், என்ரை ரண்டு கண்ணாலையும் கண்டன். வெயில் முகத்துக்கு நேரை அடிக்குது, கரை நீளத்துக்கு மின்னுது, அங்கை தூரத்திலை ஒரு வெள்ளை வேட்டி, ஒரு தொப்பி. தோளிலை பிள்ளை இல்லை, கையைப் பிடிச்சு நடத்திக்கொண்டு போகுது. சின்ன உருவம், அலை வர விலகி விலகி நடக்குது. பவளம் எண்டு கத்தினன். காத்து என்ரை பக்கம் அடிக்குது, குரல் போகேல்லை. ஓடினன். அவை ஓடேல்லை, சும்மா நடக்கினம், ஆனால் தூரம் குறையேல்லை. ஒருக்கா அந்தச் சின்ன உருவம் நிண்டு திரும்பின மாதிரி இருந்தது, முகம் தெரியிற தூரம் இல்லை. நான் ரண்டு கையையும் தூக்கி ஆட்டினன்.

அந்த நேரம் பாத்து நாலைஞ்சு பேர் ஒரு வள்ளத்தைக் கடலிலை இருந்து இழுத்துக்கொண்டு குறுக்கை ஏறிச்சினம். ஏலேலோ எண்டு சத்தம். நான் அவையைச் சுத்திக்கொண்டு அங்காலை போய்ப் பாத்தால் கரை வெறுமையாய்க் கிடக்குது. கண்ணுக்கு எட்டின மட்டும் வெறுமை. ஒளிக்க ஒரு மரம் இல்லை, ஒரு கல்லு இல்லை. வள்ளக்காரரைக் கேட்டன். "ஒருத்தரும் போகேல்லை அண்ணை. நீங்கள்தான் தனிய ஓடிவாறியள்" எண்டினம். மணலிலை அடி தேடினன், அலை வந்து போய் எல்லாம் மட்டமாய்க் கிடக்குது. பிறகு என்ன நடந்தது எண்டு எனக்கு வடிவாய் நினைவில்லை. இடுப்பளவு தண்ணியிலை நிண்டனாம். வள்ளக்காரரிலை ஒரு ஆள் வந்து என்ரை கையைப் பிடிச்சு, "வாங்கோ அண்ணை, வெளியிலை வாங்கோ" எண்டு மெல்ல இழுத்துக்கொண்டு வந்தது மட்டும் தெரியும்.

பொழுது படுற நேரம் அந்தச் சோகி மனுசியிட்டைத் திரும்பிப் போனன். அவ சரத்தைக் கோத்து முடிச்சிருந்தா. எல்லாத்தையும் எடுத்துத் தந்தா. கொஞ்ச நேரம் கதைச்சம். மீன் வண்டில் ஒண்டு சுன்னாகத்துக்குப் போச்சுது, அதிலை என்னை ஏத்திவிட்டினம். குஞ்சையாவின்ரை பெண்சாதி, குஞ்சம்மா, கண்டவுடனை வெயில் குடிச்சிட்டுது எண்டு தலையிலை எண்ணெய் வைச்சா, திருநீறு போட்டா. குஞ்சையா நான் சொன்னதைக் கேட்டிட்டு அடுத்த கிழமை முழுக்க ஆளனுப்பி விசாரிச்சார். மலாயாவிலை இருந்து பிள்ளையோடை வந்த ஆள் எண்டு அந்தச் சுத்துவட்டாரத்திலை ஒருத்தரும் இல்லை. நானும் அந்த மூண்டு இடத்துக்கும் திரும்பப் போனன். அவை ஒண்டும் மாயமில்லை, எங்களைப்போலை சனம்தான். பெட்டி பின்னின அக்கா இண்டைக்கும் மல்லாகத்திலை இருக்கிறா, வேணுமெண்டால் நாளைக்கே போய்க் கேளும். ஒரு சொல்லு மாறாமல் அதையேதான் சொல்லுவா.

கப்பலேறிப் போனன். தமக்கை வீட்டிலை, கட்டில் விளிம்பிலை இருந்து மனுசி ஒவ்வொண்டாய் அவிழ்த்தா. மூடல்பெட்டியைத் திறந்து பாத்து மூடினா. சட்டி பானையை நிலத்திலை வரிசையாய் வைச்சா. சோகிச் சரத்தை எடுத்து என்ரை முகத்தைப் பாத்தா.

"இது ஆர் தெரிஞ்செடுத்தது?" எண்டு கேட்டா. "உங்களுக்கு உப்பிடித் தெரிஞ்செடுக்கத் தெரியாதே."

நான் பொய் சொல்லலாம் எண்டு நினைச்சன். ஏலேல்லை. பவளம்தான் எண்டன். பிறகு எல்லாத்தையும் சொன்னன். நேற்று எண்டதை, காலமை எண்டதை, காதை, கரையை. அவ ஒரு இடத்திலைகூட என்னை விசரன் மாதிரிப் பாக்கேல்லை. கேட்டு முடிய, அந்தச் சரத்தை நெஞ்சோடை பொத்திப் பிடிச்சுக்கொண்டு, பிள்ளை போனதுக்குப் பிறகு முதல்தரமாய் அழுதா. விடிய விடிய அழுதா. பிறகு சொன்னா, "அவள் எங்கை தனியத் திரியிறாளோ எண்டுதான் எனக்கு. இருட்டுக்குப் பயந்தவள் எல்லோ. உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் திரியிறாள் எண்டால், பரவாயில்லை. எனக்குக் காணும்."

அடுத்த நாள் அவ சமைச்சா. நான் கேக்காமலே ஒரு கதை கதைச்சா. அதிலை இருந்து இண்டைக்கு மட்டும், சண்டை வந்து, பட்டினி கிடந்து, பென்சன் எடுத்துக்கொண்டு இஞ்சை வந்து சேர்ந்து, அவ நல்லாய்த்தான் இருக்கிறா. அந்த ஒரு எண்ணத்திலைதான் இருக்கிறா. பிள்ளையின்ரை கை தகப்பன்ரை கைக்குள்ளை இருக்கு எண்ட எண்ணம்.

அவவுக்கு எல்லாத்தையும் சொன்னன் எண்டன் தானே. ஒண்டை மட்டும் சொல்லேல்லை. கதவைக் கொஞ்சம் சாத்தும்.

பொழுது படேக்கை அந்தச் சோகி மனுசியோடை கொஞ்ச நேரம் கதைச்சம் எண்டன். நான் நனைஞ்ச வேட்டியோடை வந்து இருக்க, அவ என்னைக் கன நேரம் பாத்துக்கொண்டே இருந்தா. என்ரை முகத்தை, கையை, திரும்ப முகத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப முதல் வந்தது நீங்கள் இல்லையோ?" எண்டு கேட்டா. இல்லை அக்கா எண்டன்.

"அப்ப பிள்ளை சொன்னது சரிதான்" எண்டா.

"என்ன சொன்னது?"

"சரம் கோக்கேக்கை அளவு பாக்கக் கையை நீட்டு எண்டன், நீட்டிச்சுது. வடிவாய் இருக்கோ எண்டு அப்பாவைக் கேள் எண்டன். பிள்ளை அவரை அண்ணாந்து பாத்திட்டு, 'இவர் அப்பா இல்லை, அப்பா பின்னாலை வாறார்' எண்டுது. பிள்ளைக்கதை எண்டு நான் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை. கோத்து முடிய முதல் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு எழுப்பிக்கொண்டு போட்டார். அது திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் போச்சுது, ஐயா."

அந்த முகம் என்ரை முகம். தொப்பி, வேட்டி, காது எல்லாம் என்ரை. மூண்டு இடத்திலை நாலு பேர் கண்டு, அதிலை ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியேல்லை. பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப அது ஆர், தம்பி? என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போனது ஆர்?

பொறும். அவ வாறா. தேத்தண்ணியை வாங்கிக் குடியும், ஒண்டும் நடவாத மாதிரி இரும்.